ஓங்கிலும் படகோட்டியும்

அழகை வெறுப்பவன் முற்போக்காளனாக இருக்க முடியாது. விடியற்காலைக் கடலில் நூற்றுக்கணக்கான ஓங்கில்கள் ஒருங்கே எழுந்து, காற்றிலே சுழன்று, மீண்டும் நீரில் வீழும் காட்சியைக் கண்டு உள்ளம் துள்ளாதவன் வாழ்க்கையை நேசிப்பவன் அல்லன். ஆயினும் அந்தக் காட்சிக்கு விலை குறித்தவர் யார், அவ்விலை எவருடைய கைக்குப் போகிறது, அதற்காகக் கரையை விட்டு விலக்கப்பட்டவர் எவர் என்னும் வினாக்களைக் கேளாமலே திரும்பி வருபவனை என்னென்பது? அவன் சரக்கு வாங்கி வந்தவன், அவ்வளவே.

இவ்வினாக்களை இன்று எழுப்புவதற்குக் காரணம் உண்டு. கிழக்கிலே வாடைக் காற்று மூண்டு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் தோணிகள் கரையேற்றப்பட்டுக் கிடக்கும் மாரி காலத்தில் மேற்குக் கடல் அமைதி கொள்கிறது. நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை கற்பிட்டியில் 'டொல்பின் பார்க்கும்' பருவம். ஆண்டின் நடுப்பகுதியில் அதே வியாபாரம் திருகோணமலைக்கு மாறுகிறது. நமது ஊர்களிலிருந்தும் ஆசிரியர் குடும்பங்களும் உத்தியோகத்தர் குழுக்களும் வான் பிடித்துப் புறப்படுகின்றன. கடற்கரை விடுதி, கடற்குளிப்பு, காலையில் டொல்பின் சவாரி, மாலையில் படங்களின் பரிமாற்றம். தம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள கடற்கரையில் ஒரு கரைவலைத் தொழிலாளியோடு அரை மணி நேரம் பேசியறியாதவர்கள், கற்பிட்டிக் கடலில் மூன்று மணி நேரத்தைக் காசு கொடுத்துக் கழிக்கிறார்கள். கடலை இரசிக்கக் கற்றுக்கொண்டோம். கடலில் வாழ்பவனை மறக்கவும் கூடவே கற்றுக்கொண்டோம்.

முதலில் ஓங்கிலின் கட்சியைப் பேசுவோம்.

கற்பிட்டிக்கு அப்பால் கடல் கரைக்குச் சமீபத்திலேயே ஆழங்கொள்கிறது. 1992இல் கடற் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பவளப்பாறைத் தொடரும் அக்கடலிலேதான் இருக்கிறது. அங்கே பெருங்கூட்டமாகத் திரிவது சுழலும் ஓங்கில் என்னும் இனம். ஒரே பாய்ச்சலில் ஏழு சுற்று வரை சுழலக்கூடியது. ஏறத்தாழ இரண்டு மீற்றர் நீளமுடையது. இரவிலே ஆழத்திலிருந்து மேலே வரும் சிறு மீன்களையும் கணவாயையும் இறாலையும் உண்டு வாழும் இப்பிராணிக்குப் பகற்பொழுதின் பெரும்பகுதி ஓய்வுக்கும் குட்டியைப் பேணுவதற்கும் உரியது. பத்து மாதம் அளவில் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும்; அடுத்த குட்டிக்கு மூன்று ஆண்டளவு ஆகும். இரவெல்லாம் இரைதேடி உழைத்த ஒரு பிராணியின் ஓய்வு வேளையில், பத்துப் படகுகள் இயந்திர இரைச்சலோடு சூழ்ந்துகொண்டு, 'துள்ளு, துள்ளு' என்று துரத்துவதற்குத்தான் நாம் இயற்கையை நேசித்தல் என்று பெயரிட்டிருக்கிறோம்.

ஹவாய்த் தீவுகளில் இதே இனத்தின் ஓய்வு குலைவதை ஆராய்ச்சியாளர் பல்லாண்டுகளாக எடுத்துக்காட்டியதன் பயனாக, 2021இல் அமெரிக்க அரசு அவற்றை 50 யாருக்குள், அதாவது ஏறத்தாழ 45 மீற்றருக்குள், நெருங்குவதையும் அவற்றோடு நீந்துவதையும் தடை செய்தது. நமது நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. கடற் பாலூட்டிகளை அவதானிப்பது குறித்து 2012இல் தனி ஒழுங்குவிதிகள் பிறப்பிக்கப்பட்டன. ஆனால் சட்டம் கடதாசியில் இருக்கிறது. கடலில் இருப்பது போட்டி. 'கிட்டப் போ, இன்னும் கிட்டப் போ' என்று ஏவுபவர் விடுதி முதலாளி மட்டுமல்லர். காசு கொடுத்தேன் என்ற உரிமையோடு படகில் அமர்ந்திருக்கும் பயணியுந்தான். அந்தப் பயணி பெரும்பாலும் படித்தவர். சில வேளைகளில் விலங்கியல் கற்பிப்பவர்.

இனிப் படகோட்டியின் கட்சி.

இயந்திரத்தைப் பிடித்தபடி பின்னணியத்தில் நிற்கும் அவன் யார்? பெரும்பாலும் மீனவன், அன்றேல் மீனவனின் மகன். எந்த நீரோட்டத்தில் எந்த மீன் கூடும், கடற்பறவைகள் எத்திசையில் தாழ்ந்து பறக்கின்றன, அதைக் கொண்டு ஓங்கில் எங்கே மேலெழும் என்னும் அறிவு அவனுடையது. அது எந்தப் பல்கலைக்கழகத்திலும் பட்டமாக வழங்கப்படாதது. தந்தையும் பாட்டனும் உயிரைப் பணயம் வைத்துச் சேர்த்தது. டொல்பின் சவாரி என்ற வியாபாரம் முழுவதும் இந்த அறிவின் மீதே நிற்கிறது. அறிவு அவனுடையது, பெயர்ப்பலகை பிறருடையது. விடுதியில் பதிவு செய்கிறோம், விடுதியிலே கட்டணத்தைக் கட்டுகிறோம். அதில் எத்தனை பங்கு படகோட்டியின் மடிக்குப் போகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏற்றப்பட்டது. சிறு படகுகளின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. நான்கு மடங்கு விலை கொடுத்து எண்ணெய் வாங்கிக் கடலுக்குப் போனவன் வெறுங்கையோடு திரும்பினால் அன்றைய அடுப்பு எரியாது. அப்படிப்பட்டவன் வலையை வைத்துவிட்டுச் சவாரிப் படகில் கூலிக்கு நிற்பதைச் சுற்றுலாவின் சாதனை என்று எழுதுவோர் உளர். அவனை அங்கே கொண்டுபோய்த் தள்ளியது எது என்று அவர்கள் எழுதுவதில்லை.

கற்பிட்டி நமக்கு அந்நியமான ஊரன்று. தமிழ் பேசும் முஸ்லிம்களும் கத்தோலிக்க மீனவர்களும் சிங்கள மீனவர்களும் ஒரே களப்பையும் ஒரே கடலையும் நம்பி வாழும் நிலம் அது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களுள் பெருந்தொகையினர் ஏதிலிகளாய் ஒதுங்கியது புத்தளம், கற்பிட்டிப் பிரதேசத்திலேதான். ஒரு குடிசைக்கு நிலம் இல்லாமல் ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறை வளர்ந்த அதே பிரதேசத்தில், 14 தீவுகளை உள்ளடக்கிய ஒருங்கிணைந்த உல்லாசத் திட்டம் தீட்டப்பட்டது. போர் முடிந்த 2009க்குப் பின் அது வேகம் பெற்றது. நட்சத்திர ஹோட்டல்கள், கோல்ஃப் மைதானம், உள்நாட்டு விமானத் தளம் என்று அத்திட்டம் விரிந்தது. அத்தீவுகளில் வாடி அமைத்துத் தலைமுறையாய்த் தொழில் செய்தவர்கள், கரைக்குச் செல்லும் பாதைகள் வேலிகளால் மறிக்கப்படுவதாகவும் தம்மைக் கேளாமலே நிலம் குத்தகைக்கு விடப்படுவதாகவும் முறையிட்டுப் போராடினர். டொல்பின் சவாரி அந்தப் பெரிய வியாபாரத்தின் சிரித்த முகம். துள்ளும் ஓங்கிலை விளம்பரப் படத்தில் முன்னே வைத்தால், பின்னே உள்ள முட்கம்பி கண்ணுக்குத் தெரியாது.

இது மேற்குக் கரையின் கதைதானே என்று கிழக்கில் இருப்போர் ஆறுதல் கொள்ள வேண்டாம். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் கடல் கொந்தளித்தபோது நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்ணீர் காயுமுன் வந்த கட்டளை என்ன? வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள் எவரும் வீடு கட்டக்கூடாது என்பது. அதே சமயம் உல்லாச விடுதிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. மீனவனின் குடிசைக்கு ஆபத்தான அலை, வெள்ளைக்காரப் பயணியின் கட்டிலுக்கு ஆபத்தற்றதாயிற்று! உல்லை என்று நம்மவர் அழைக்கும் அறுகம்பையில் நடந்த இக்கொடுமையைக் கனடிய எழுத்தாளர் நஓமி கிளைன் 2007இல் வெளியிட்ட தமது நூலில் ஓர் அத்தியாயமாகவே எழுதினார். பின்னர் அவ்வெல்லைகள் தளர்த்தப்பட்டன என்பது மெய். ஆனால் கரை எவருக்கு உரியது என்று ஆள்வோர் மனத்தில் இருந்த தீர்ப்பு அன்றே வெளிப்பட்டுவிட்டது.

அத்தீர்ப்பு 2010 ஜூலை 17ஆம் நாள் இரவில் பாணமையில் நிறைவேற்றப்பட்டது. ஆயுதந்தாங்கியோர் வந்து குடிசைகளை எரித்து விவசாயிகளையும் மீனவர்களையும் துரத்தினர். அந்நிலப்பரப்பில் பின்னர் படைமுகாமும் கடற்படையின் உல்லாச விடுதியும் எழுந்தன. 2015 பெப்ரவரியில் 340 ஏக்கரைத் திருப்பிக் கொடுக்க அமைச்சரவை முடிவு செய்த பிறகும் அம்மக்கள் நீதிமன்றப் படிகளிலும் வீதியிலும் நிற்க நேர்ந்தது. அவர்களிற் பெரும்பாலோர் சிங்கள மக்கள் என்பதை இனவாதக் கண்ணாடி அணிந்தோர் கவனிக்க வேண்டும். கரையைக் கொள்ளையிடுபவன் தமிழன், முஸ்லிம், சிங்களவன் என்று பார்ப்பதில்லை. பறிகொடுப்பவர்கள்தாம் தனித்தனியே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மீனவனின் சொல்லைக் கேளாத 'அபிவிருத்தி' எதில் முடியும் என்பதற்கு ஒலுவில் சாட்சி. டென்மார்க்கின் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் வாயை மணல் அடைத்தது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் தின்றது, தென்னந்தோட்டங்கள் சரிந்தன. கரையோரத்து மணல் ஆண்டுதோறும் எத்திசையில் நகர்கிறது என்பதைத் தன் காலடியில் கண்டு வளர்ந்த முதியவனின் அறிவுக்கு அபிவிருத்தித் திட்டங்களில் இடமில்லை. நாளைக்கு இக்கரைக்கு விடுதிகளும் சவாரிப் படகுகளும் வரும்போதும் அதே அலட்சியம்தான் வரும்.

இங்கே மூன்று மறுப்புகள் எழும்.

'சுற்றுலா வேலை தருகிறது அல்லவா?' தருகிறது. எத்தகைய வேலை என்பதே கேள்வி. 2019 ஏப்ரலில் குண்டுகள் வெடித்தபோதும், 2020இல் நோய்த்தொற்றுப் பரவியபோதும், 2022இல் நாடு வங்குரோத்தானபோதும் பயணிகள் வரவு ஒடிந்தது. அப்போது விடுதிக்காரர் கடன் தவணைக்குச் சலுகை கேட்கலாம். நாட்கூலிப் படகோட்டி யாரிடம் கேட்பான்? வலையையும் வாடியையும் இழக்காதவன் கடலுக்குத் திரும்பலாம். கரையையே இழந்தவன் எங்கே திரும்புவான்?

'மீனவர்கள் ஓங்கிலைக் கொல்கிறார்களே. பார்க்கும் தொழில் கொல்லும் தொழிலைவிட மேலல்லவா?' இதில் உண்மை உண்டு, மறைப்பதற்கில்லை. செவுள் வலையில் ஓங்கில்கள் சிக்கி மடிவதும், சட்டத்துக்கு மாறாக அவற்றின் இறைச்சி தூண்டில் இரையாவதும் நடந்தே வந்திருக்கின்றன. அதை நியாயப்படுத்துவது நம் வேலையன்று. ஆனால் கடலைப் பாழாக்குவோர் வரிசையில் சிறு மீனவனை மட்டும் கூண்டில் ஏற்றும் நீதியை ஏற்க முடியாது. 2021 மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, இரசாயனங்களையும் கணக்கற்ற பிளாஸ்டிக் குருணைகளையும் கடலில் கொட்டி மூழ்கியது. அதன்பின் நூற்றுக்கணக்கான ஆமைகளும் பல ஓங்கில்களும் கரைகளில் செத்து ஒதுங்கின; மீனவர்கள் தொழிலை இழந்தனர். நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு கொடுக்குமாறு உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது 2025 ஜூலையிலேதான். ஓங்கிலின் பகைவனும் மீனவனின் பகைவனும் ஒருவனே என்பதை அக்கப்பல் காட்டிச் சென்றது.

'ஆண்டு முழுதும் உழைத்தவன் ஒரு நாள் மகிழக்கூடாதா?' மகிழ வேண்டும். உழைக்கும் மக்கள் யாவரும் மகிழ வேண்டும். அதனாற்றான் கேட்கிறோம்: கரைவலை இழுக்கும் வாப்பாவின் பிள்ளை ஓங்கில் பார்க்கும் சவாரிக்கு என்றேனும் காசு கட்டியதுண்டா? கடலுக்கு மிக அண்மையில் பிறந்தவனுக்குக் கடலின் மகிழ்ச்சி எட்டாத விலையில் விற்கப்படுகிறது என்றால், அந்த மகிழ்ச்சியில் எங்கோ ஒரு கோணல் இருக்கிறது.

தமிழ் கற்றவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று. நமது பழம்புலவர் ஐந்திணை வகுத்தபோது நெய்தலைப் பரதவர் இல்லாமல் பாடினார்களா? மீன் உணக்கும் மணலும், உப்பு விற்கும் பெண்ணும், சுறாக் கோட்டை நட்டு வழிபடும் பரதவர் பாக்கமும் இன்றி அவர்களுக்குக் கடல் இல்லை. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகை நினைவாகக் கொடியேறும்போது கூடும் கூட்டத்திலும் அதே உண்மைதான் தெரிகிறது: அங்கே கடல் என்பது கடலை நம்பியிருக்கும் மனிதரோடு சேர்ந்தது. இன்றைய சுற்றுலா விளம்பரத்தைப் பாருங்கள். வெண்மணல், நீலநீர், துள்ளும் ஓங்கில். மனிதன் மட்டும் இல்லை. வலை காயப்போட்ட இடம் துடைக்கப்பட்டுவிட்டது. மனிதனை நீக்கிய இந்த நெய்தல்தான் சந்தையில் விலைபோகிறது. அதை வாங்கும் நாமும் நம்மையறியாமலே அந்தத் துடைப்புக்குக் கைகொடுக்கிறோம்.

ஆகவே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் சொல்லவேண்டியது இது. போவதானால் போங்கள், குடிமக்களாகப் போங்கள். விடுதி முகவரை விட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் படகைத் தேடுங்கள். சங்கம் இல்லாவிடின் ஏன் இல்லை என்று கேளுங்கள். படகோட்டியின் கூலியை விசாரியுங்கள். அவன் ஓங்கிலைத் துரத்தாமல் தூரத்தில் இயந்திரத்தை அணைத்தால் முணுமுணுக்காதீர்கள். நமது தொழிற்சங்க மேடைகளில் சம்பள உயர்வோடு சேர்த்துக் கரையோர நிலத்தின் கதியையும் பேசுங்கள். கரைவலைப் பாடு, இறங்குதுறை, வாடி நிலம் ஆகிய மூன்றும் எந்த உல்லாசத் திட்டத்துக்கும் கைமாற்றப்படலாகாது என்ற கோரிக்கையை மீனவரோடு சேர்ந்து எழுப்புங்கள். மாணவர்களை விளம்பரத்தாளின் கடலுக்கு அழைத்துச் செல்லுமுன், அதிகாலையில் வலை இழுபடும் தம் ஊர்க் கடலுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஓங்கில் எவருக்காகவும் துள்ளுவதில்லை. அது தன் வாழ்வை வாழ்கிறது. அதைப் போலவே தன் வாழ்வைத் தன் கரையில் வாழ மீனவனுக்கும் உரிமை உண்டு. அவ்விரு உரிமைகளும் காக்கப்படும் கடலிலே நாமும் விருந்தினராகப் போகலாம். அது வரையில் நாம் ஏறும் ஒவ்வொரு சவாரிப் படகிலும் அந்தக் கேள்வியையும் உடன் ஏற்றிச் செல்வோம்.