சட்ட உதவி மேசையில் யார் அமர்வது?

சில ஆண்டுகளுக்கு முன், பாஞ்சாலங்குறிச்சிக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் நடந்த சட்ட உதவி முகாமில் தன்னார்வலராக அமர்ந்திருந்தேன். மானாவாரி உளுந்துக் காட்டில் பாடுபட்டு வந்த மூதாட்டி ஒருவர் மனு கொடுக்க வந்தார். இரண்டாவது கணவர் இறந்துவிட்டார். முதல் கணவர் உயிரோடு இருப்பதால் இவர் மனைவியே அல்லர் என்று கூறிக் கொழுந்தன்மார் பங்கு தர மறுக்கிறார்கள். "மொதக் கல்யாணம் பொருந்தல தம்பி. ஊர்க்கூட்டம் வச்சுத் தீத்துவிட்டாக. பெறகுதான் இவருக்கு வாக்கப்பட்டேன்" என்றார். அருகிலிருந்த சட்டக் கல்லூரி மாணவர் 'முதல் கணவரால் கைவிடப்பட்டவர்' என்று எழுதினார்.

அந்த ஒரு சொல்லில் வழக்கே தோற்றிருக்கும். கைவிடப்பட்டவரின் முதல் திருமணம் சட்டப்படி நீடிக்கிறது, இரண்டாவது செல்லாது. ஆனால் 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், 29(2) பிரிவில், வழக்காற்றின்படி மணத்தை முறித்துக்கொள்ளும் உரிமையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அந்த வழக்காறு இருப்பதை மெய்ப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். (அதுவே எளிதன்று என்பது வேறு.) மனுவைத் திருத்தச் சொன்னேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று மாணவர் வியந்தார். "எங்கோ படித்தேன்" என்றேன்.

படிக்கவில்லை. என் அத்தை அப்படித் தீர்த்துவிடப்பட்டு மறுமணம் செய்தவர். வக்கீல் குமாஸ்தாவாகச் சேர்ந்த முதல் மாதத்திலேயே கரிசல் பேச்சையும் வீட்டுக் கதைகளையும் வாசலில் விட்டுவிட்டு வரப் பழகியிருந்தேன். அறுத்துக் கட்டும் வழக்கமுள்ள குடும்பம் என்று தெரிந்தால், அடுத்த கேள்வி சாதியைப் பற்றியதாக இருக்கும். அந்த மேசையில் என்னைப் பயனுள்ளவனாக்கிய ஒரே அறிவை நான் மறைத்துக்கொண்டுதான் பயன்படுத்தினேன்.

தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2009இல் சட்டம் சார்ந்த தன்னார்வலர் திட்டத்தை வகுத்தபோது, மக்களுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைக்க அந்த மக்களிடமிருந்தே ஆள் எடுப்பது என்று முடிவு செய்தது. அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழுவினர், நீண்ட தண்டனை பெற்று நன்னடத்தையோடு இருக்கும் படித்த சிறைவாசி வரை அதில் இடமுண்டு. சிறந்த எண்ணம். ஆனால் பணி செய்த நாளுக்கு மதிப்பூதியம் மட்டுமே. இது வேலையன்று, தொண்டு. தீப்பெட்டி ஆலைக் கூலியை விட்டுவிட்டுத் தொண்டுக்கு வரக்கூடியவர் யார்? வசதியுள்ள ஓய்வூதியர் வரலாம். எந்த அனுபவத்துக்காக இத்திட்டம் வகுக்கப்பட்டதோ, அந்த அனுபவமுடையவர் வர இயலாது.

ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரனார், தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து பின்னர் வழக்கறிஞரானவர். 1908இல் பெற்ற தண்டனையால் இழந்த உரிமம் மீண்டும் கிடைத்த பிறகு, கோவில்பட்டியிலும் தொழில் நடத்தினார். எழுத்தர் மேசையிலிருந்து மேலேறிச் செல்ல அன்று அவருக்கொரு படி இருந்தது. இன்று பத்தாண்டுகள் முகாம் முகாமாக அலைந்த தன்னார்வலருக்கு இத்திட்டத்தில் அப்படி ஒரு படி வகுக்கப்படவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையைத் திருநங்கையர், திருநம்பியருக்கு உறுதிசெய்த 2014 ஏப்ரல் 15 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் மனுதாரர் வேறு யாருமல்லர், இதே ஆணைக்குழுதான். அதன்பின் 2017இல் மேற்கு வங்கத்தின் இஸ்லாம்பூரில் மக்கள் நீதிமன்ற அமர்வில் ஜோயிதா மண்டல் இடம்பெற்றார். ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த சத்யஸ்ரீ ஷர்மிளா, 2007இல் சட்டப் படிப்பை முடித்தும், 2018இல்தான் தமிழ்நாடு – புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்ய முடிந்தது. இடையே கழிந்தவை பதினொரு ஆண்டுகள்.

கோவில்பட்டியை அடுத்த மந்தித்தோப்பில் திருநங்கையர் 2020 முதல் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கம் நடத்துகிறார்கள். பதிவு, வங்கிக் கடன், அடையாள அட்டை என்று அலுவலகப் படிகளில் ஏறி இறங்கியவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவர் சட்ட உதவி மேசையில் அமர்ந்தால், திருநங்கையர் தொடர்பான மனுக்களுக்கும் விழா மேடைப் புகைப்படத்துக்கும் மட்டும் அவரை அழைத்துவிட்டு, நிலத் தகராறுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் வேறு ஆளைத் தேடும் வழக்கம் வந்துவிடக் கூடாது. என்னைப் போல ஒளித்துக்கொள்வது ஒரு வகை இழப்பு என்றால், அடையாளத்துக்குள்ளேயே அடைபடுவது இன்னொரு வகை.

மதிப்பூதியத்தை மாத ஊதியமாக்க வேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்றியவர்களுக்கு வட்ட சட்டப்பணிகள் குழு அலுவலகப் பணியிடங்களில் முன்னுரிமை தர வேண்டும். தேர்வின்போது வட்டார வழக்கறிவைத் தகுதியாகவே மதிப்பிட வேண்டும். அடுத்த தேர்வு அறிவிப்பை நீதிமன்ற வளாகப் பலகையில் மட்டுமல்லாமல் தீப்பெட்டி ஆலை வாசலிலும், மந்தித்தோப்புப் பால் சங்கத்திலும், பாஞ்சாலங்குறிச்சிப் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டுவதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.