கூட்டிய பட்டையும் குறையாத பாரமும்



இவ்வாரம் நான் எழுதப்போவது ஒரு பழைய பிக்அப் வண்டியின் பின்அச்சையும் ஸ்பிரிங் பட்டைகளையும் குறித்து. வாராந்தரத் தியானத்திற்கு இது ஏற்ற பொருளா என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். இறுதிவரை வாசித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். இந்த வண்டியின் காரியத்தில் நம் சபைக்கும் ஒரு பங்கு உண்டு, எனக்கும் உண்டு.

நம் சபைச் சகோதரர் ஒருவர் 2009-ஆம் ஆண்டு வெளிவந்த பிக்அப் வண்டி ஒன்றைக் கடன் பெற்று வாங்கி, அதைக்கொண்டு குடும்பத்தை நடத்திவருகிறார். ரெட்டியார்பாளையம், மூலகுளம் பகுதிகளில் எழும்பும் வீடுகளுக்குச் சிமெண்ட், கம்பி, தரைக்கல் ஆகியவற்றைக் கொண்டுசேர்ப்பது அவர் தொழில். எட்டு ஆண்டுகள் கடந்த சரக்கு வாகனம் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறவேண்டும், 'எஃப்.சி.' என்று நாம் வழங்குவது அதையே. அந்த நாள் நெருங்கியபோது வண்டி இடப்பக்கம் தாழ்ந்து நின்றது. ஓடுகையில் பின்பக்கத்திலிருந்து ஓர் இரைச்சல் எழுந்தது. அவர் என்னிடம் ஜெபிக்கச் சொன்னார். ஜெபித்தோம். பின்பு இருவருமாக மேட்டுப்பாளையத்தில் லாரி முனையத்தை ஒட்டிய பட்டறை ஒன்றுக்குச் சென்றோம்.

அவருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. வேறொருவர் சொல்லியிருந்த முதல் வழி எளிதானது: இருபக்கமும் இரண்டிரண்டு பட்டைகள் கூட்டுவது, உடைத்து விற்கப்படும் பெரிய வண்டி ஒன்றின் பின்அச்சை வாங்கிப் பொருத்துவது. வண்டி நிமிர்ந்துவிடும், முன்னிலும் அதிகமாக ஏற்றலாம், செலவும் குறைவு. இரண்டாவது வழி, யாவற்றையும் கழற்றிப் பார்த்து, தேய்ந்ததை மாற்றி, வண்டி ஆலையிலிருந்து வந்த அளவுக்கே திரும்பக் கொண்டுவருவது. அது பணமும் நாளும் கேட்கும் வழி.

பட்டறை மேஸ்திரி வயதில் மூத்தவர். முதல் வழியைக் கேட்டதும் அவர் சொன்ன ஒரு வார்த்தை இந்த இரண்டு வாரமும் என் செவியில் ஒலிக்கிறது: "ஐயா, பட்டை கூட்டினா வண்டி நிமிரும். பாரம் எங்க போகும்?"

பின்னர் அவர் பட்டைக் கட்டைக் கழற்றிக் காட்டினார். இரு முனைகளிலும் வளையம் கொண்ட முதற்பட்டை. அதன்கீழ் படிப்படியாக நீளம் குறையும் மற்றப் பட்டைகள். இவற்றை ஒன்றாய்க் கோக்கும் சென்டர் போல்ட். அக்கட்டை அச்சோடு இறுக்கும் யூ போல்ட்டுகள். சாலையின் பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது பட்டைகள் வளைந்து, ஒன்றன்மேல் ஒன்று உரசி, அதிர்ச்சியைத் தாங்குகின்றன. வளையும்போது பட்டையின் நீளம் மாறும். அதற்கு இடங்கொடுக்கவே ஒரு முனையில் ஷாக்கிள் தொங்குகிறது. இந்த வண்டியில் ஷாக்கிளின் புஷ்கள் தேய்ந்து, இரும்போடு இரும்பு மோதிக்கொண்டிருந்தது. முதற்பட்டையில், சென்டர் போல்ட்டின் துளையருகே, மயிரிழை போன்ற ஒரு விரிசல். வெளியே நின்று பார்த்தவர் எவருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. சென்டர் போல்ட் அறுந்தால் அச்சு தன் இடத்தைவிட்டு நகரும். அதன்பின் வண்டி நேராக ஓடாது, நண்டைப்போல ஒருபக்கம் சாய்ந்தே ஓடும்.

பட்டை கூட்டினால் என்ன கெடும்? ஸ்பிரிங் கடினப்படும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அச்சின் குழாய், ஹப் பேரிங், டயர், சேசிஸ், பிரேக் ஆகியவை பழைய அளவிலேயே இருக்கின்றன. பட்டை தாங்க மறுத்த பாரம், அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிச் செல்கிறது.

இன்னும் ஒன்றை மேஸ்திரி விளக்கினார். அதுவே என்னை அதிகமாய்க் கலங்கச் செய்தது. இவ்வகை வண்டிகள் பலவற்றில் சேசிஸுக்கும் பின்அச்சுக்கும் இடையே ஒரு வால்வு உண்டு. பாரம் ஏற ஏற வண்டி தாழும், இடைவெளி குறையும், அதைக்கொண்டு அந்த வால்வு பின்சக்கர பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக்கொடுக்கும். வண்டி வெறுமையாக இருக்கையில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காதபடி அழுத்தத்தைக் குறைக்கும். இப்போது எண்ணிப்பாருங்கள். பட்டை கூட்டிய வண்டி பாரத்தோடும் நிமிர்ந்தே நிற்கிறது. வண்டி வெறுமையாய் இருப்பதாக வால்வு நம்பிவிடுகிறது. பிரேக் மிகவும் தேவைப்படும் வேளையில் பின்சக்கரங்களுக்கு உரிய அழுத்தம் போய்ச்சேருவதில்லை. நாம் பட்டையைக் கூட்டியபோது, வண்டியின் பிரேக்கிடம் ஒரு பொய்யைச் சொல்லிவைத்தோம்.

சகோதரரின் பதிவுச் சான்றின்படி அவ்வண்டி ஏற்றக்கூடிய பாரம் 1,250 கிலோ. ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டையாகக் கணக்கிட்டால் 25 மூட்டைகள். அவர் வழக்கமாக ஏற்றிவந்தது 40. ஏன் என்று கேட்டேன். "25 மூட்டைக்கு வாடகை வாங்கினால் டீசலுக்கும் தவணைக்கும் போக வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது, ஐயா" என்றார். இதை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். கடையின் நிழலில் நின்று "இரண்டு நடை எதற்கு, ஒரே நடையில் கொண்டுவா" என்று சொல்பவரும், அதிகப் பாரத்துக்குக் குறைந்த வாடகை பேசுபவரும் நம்மில் இருக்கிறோம். வீடு கட்டுகிற நாமே அந்த நாற்பதாவது மூட்டையை ஏற்றிவைக்கிறோம்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் வகுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு திருத்தப்பட்ட 194-ஆம் பிரிவு, அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. வண்டிக்கு உரிய அதே வகை அச்சை மாற்றுவது பழுதுநீக்கம். பாரத்தைக் கூட்டுவதற்காகப் பெரிய வண்டியின் அச்சைப் பொருத்துவது வேறு காரியம்.

சட்டம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்னரே நம் திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் இதைச் சொல்லிவிட்டார். மயிற்பீலியைவிட இலேசானது ஏது? அதையும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது 475-ஆம் குறளின் கருத்து. கடைசியாக வைத்த ஒரு பீலியை எவரும் குற்றஞ்சொல்ல முடியாது. குற்றம் எல்லாப் பீலிகளிலும் இருக்கிறது.

அப்படியானால் பழைய வண்டியை உடைத்துப் போடுவதுதான் வழியா? சிலர் அவ்வாறே ஆலோசனை சொல்கிறார்கள். 2021-இல் அறிவிக்கப்பட்ட வாகன அழிப்புக் கொள்கைக்குப் பிறகு, 15 ஆண்டு கடந்த வண்டி என்றாலே குப்பை என்ற எண்ணம் பரவியிருக்கிறது. தனியார் வாகனத்தைப் பொறுத்தவரை அக்கொள்கையே தகுதிச் சோதனையைத்தான் அளவுகோலாக வைக்கிறது. புதிய வண்டி வாங்கினால் புதிய கடன் வரும். புதிய கடன் வந்தால் நாற்பது மூட்டை ஐம்பதாகும். ஆகவே செவ்வையாய்ப் புதுப்பிக்கப்பட்ட பழைய வண்டி, கடன்சுமையோடு வரும் புதிய வண்டியைவிடப் பாதுகாப்பானதாகவும் இருக்கக்கூடும் என்பதே என் கருத்து.

ஆனால் 'செவ்வையாய்' என்ற சொல்லுக்கு விலை உண்டு. பட்டைகளை இருபக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒருபக்கம் மட்டும் மாற்றினால் வண்டி மறுபக்கம் சாயும். நெருப்பில் காய்ச்சி அடித்து வளைத்த பழைய பட்டை, முறையாகப் பதப்படுத்தப்படாவிட்டால் சில மாதங்களில் மீண்டும் தொய்யும். யூ போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கப்பட்டவுடன் நீட்சி கண்டவை. அவற்றைத் திரும்பப் பயன்படுத்தாமல் புதியவை போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி இறுக்க வேண்டும். இரைச்சலுக்குக் காரணம் ஹப் பேரிங்கும், கிரவுன் பினியனின் தேய்ந்த பற்களும் என்று தெரிந்தது. அச்சின் குழாயும் சற்றே வளைந்திருந்தது. ஆகவே அச்சை மாற்றியே ஆகவேண்டும். பழைய அச்சு வாங்கினால் குழாய் நேராக இருக்கிறதா, எங்கேனும் வெல்டிங் வைத்துச் சாயம் பூசியிருக்கிறதா, கிரவுன் பினியனின் பல்விகிதம் பொருந்துகிறதா, பிரேக் டிரம்மின் அளவு ஒன்றா என்று பார்க்க வேண்டும். முதலில் காட்டப்பட்ட அச்சு ஒன்றில் சாயத்தை மேஸ்திரி சுரண்டியபோது கீழே வெல்டிங் தழும்பு தெரிந்தது. அதை அவர் ஓரமாக வைத்துவிட்டார். பொருந்திய அச்சு கிடைக்க ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் நம் சகோதரருக்கு வருமானம் இல்லை.

பிரியமானவர்களே, எண்ணாகமம் 7-ஆம் அதிகாரத்தை இந்த வெளிச்சத்தில் வாசித்துப் பாருங்கள். பிரபுக்கள் ஆறு கூண்டு வண்டில்களையும் பன்னிரண்டு மாடுகளையும் கொண்டுவந்தார்கள். மோசே அவற்றைச் சமமாகப் பங்கிடவில்லை. திரைகளையும் மூடுதிரைகளையும் சுமந்த கெர்சோன் புத்திரருக்கு இரண்டு வண்டில்கள். பலகைகளையும் தூண்களையும் பாதங்களையும் சுமந்த மெராரி புத்திரருக்கு நான்கு. பாரம் அதிகமான இடத்தில் வண்டிலும் மாடும் அதிகமாயின. ஒரே வண்டிலின்மேல் பலகைகளை உயர அடுக்கும்படி அங்கே சொல்லப்படவில்லை.

கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்தில், ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்கும்படி இரண்டாம் வசனமும், அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்று ஐந்தாம் வசனமும் சொல்லுகின்றன. நம் தமிழ் வேதாகமத்தில் இரண்டிலும் 'பாரம்' என்றே இருப்பதால் முரண்போலத் தோன்றும். மூலமொழியாகிய கிரேக்கத்தில் அவை இரண்டு சொற்கள்: முன்னது 'பாரோஸ்', நசுக்கும் சுமை; பின்னது 'ஃபோர்ட்டியோன்', ஒருவன் தனக்கென்று ஏற்றுச் செல்லும் சரக்கு. தனக்குரிய 25 மூட்டையை அவனவன் சுமப்பான். அதற்கு மிஞ்சி அவனை நசுக்குகிற பதினைந்து மூட்டையைச் சுமப்பதற்கே சபை இருக்கிறது.

இப்போது நம் பங்குக்கு வருகிறேன். கடந்த கோடையில் கடலூரில் நடந்த கூட்டத்திற்கு இதே வண்டியின் பின்புறத்தில் நம்மவர் முப்பது பேர் ஏறிச் சென்றோம். பாடல்கள் பாடினோம்; மகிழ்ச்சியாய்த் திரும்பினோம். முன்இருக்கையில் அமர்ந்திருந்தவன் நான். அன்று நான் கணக்குப் பார்க்கவில்லை; இப்போது பார்த்தேன். ஆளுக்கு 60 கிலோ என்றாலும் 1,800 கிலோ. விரிசல் விட்ட பட்டையின்மேல், சுவர்க்கட்டின் விளிம்பில் பிள்ளைகளை உட்காரவைத்து, நெடுஞ்சாலையில் போய்வந்தோம். சரக்கு வாகனத்தின் பின்புறத்தில் ஆட்களை ஏற்றிச்செல்வதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. அவ்வாறு கட்டணமின்றிச் செல்வோருக்கு விபத்து நேர்ந்தால் இழப்பீடு தரும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று 2002-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஏதேனும் நடந்திருந்தால் முழுச்சுமையும் அந்தச் சகோதரர்மேல் விழுந்திருக்கும். அவர் 'ஐயா கேட்டார்' என்பதற்காக மறுக்காமல் வந்தவர். அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். உங்களிடமும் கேட்கிறேன். பத்திரமாகத் திரும்பியது நம் ஞானத்தினால் அல்ல, தேவனுடைய இரக்கத்தினால்.

ஆகவே மூன்று காரியங்களைச் சபையின் முன் வைக்கிறேன். முதலாவது, கூட்டத்திற்கோ கல்யாணத்திற்கோ அடக்க ஆராதனைக்கோ, இனி நம் சபையார் எவரும் சரக்கு வண்டியில் ஏறவேண்டாம். பேருந்து அமர்த்துவோம், இயலாவிட்டால் குறைந்த பேர் போவோம். இரண்டாவது, வீடு கட்டுகிறவர்கள் வண்டியின் அளவுக்கே ஏற்றச் சொல்லி, இரண்டாம் நடைக்கும் உரிய வாடகையைக் கொடுங்கள். மூன்றாவது, ஒலிபெருக்கி மாற்றுவதற்கென நாம் சேர்த்துவைத்த தொகையிலிருந்து இந்தப் பழுதுநீக்கச் செலவில் பாதியைச் சபை ஏற்கும்படி கமிட்டியிடம் கேட்டிருக்கிறேன். பழைய ஒலிபெருக்கி இன்னும் ஓராண்டு கரகரக்கட்டும்.

வண்டி கடந்த வெள்ளிக்கிழமை பட்டறையைவிட்டு வெளியே வந்தது. வெறுமையாய் இருக்கையில் நிமிர்ந்து நின்றது. 25 மூட்டை ஏற்றியபோது சற்றே தாழ்ந்தது. "இப்படித் தாழணும், ஐயா. அதுதான் சரி" என்றார் மேஸ்திரி. பாரம் ஏறியும் தாழாமல் நிற்பதைப் பலம் என்று நான் இதுவரை எண்ணியிருந்தேன். வீட்டிலும் ஊழியத்திலும் தாங்கமுடியாததைச் சுமந்துகொண்டு, ஒன்றுமில்லாததுபோல நிமிர்ந்து நிற்கிறவர்கள் நம் சபையில் எத்தனை பேர்? உங்கள் பாரத்தைச் சொல்லுங்கள். சொன்னால்தான் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஆமென்.