ஆளிவிதை யாருக்கு வேண்டும்?

ஆளிவிதை என்னும் சிறு விதை இன்று கடைதோறும் பொட்டலங்களாகத் தொங்குகின்றது. மாரடைப்பைத் தடுக்கும், நீரிழிவை விரட்டும், உடலை இளைக்கச் செய்யும் என்று அதன் புகழ் பாடுவோர் பலர். "இதனை வாங்கத்தான் வேண்டுமோ?" என்று தாய்மார் வினவுகின்றனர். மன்னார்த் தீவைப் பொறுத்தவரை, இவ்வினாவுக்குரிய விடை வீட்டுக்கு வீடு வேறுபடும் என்பதே நம் கருத்து.

விதையிலுள்ள சத்து மெய்யானதே. 100 கிராம் ஆளிவிதையில் ஏறக்குறைய 42 கிராம் கொழுப்பும், 27 கிராம் நார்ப்பொருளும், 18 கிராம் புரதமும் உள. அக்கொழுப்பில் பாதிக்கு மேற்பட்டது ஒமேகா-3 இனத்தைச் சேர்ந்த அல்பா லினோலெனிக் அமிலம். இதனை நம் உடல் தானாக ஆக்கிக்கொள்ள மாட்டாது. உணவின் வழியே பெறுதல் வேண்டும். கொழுப்பிலும் உயிருக்கு இன்றியமையாதன உண்டு என்பதை 1929இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் பர், மில்றெட் பர் தம்பதியர் எலிகளைக் கொண்டு ஆராய்ந்து காட்டினர்.

ஆயினும், பேசாலையிலும் தலைமன்னாரிலும் கரையேறும் சூடையும் சாளையும் இதே இனக் கொழுப்பை நிறையத் தருகின்றன. அதுவும் இதயமும் மூளையும் நேரே பயன்கொள்ளும் வடிவில் தருகின்றன. ஆளிவிதைக் கொழுப்பை உடல் முதலில் அவ்வடிவுக்கு மாற்ற வேண்டும். மாறுவதோ சிறு பங்கே. எனவே வாரம் இருமுறை சூடைக் குழம்பு உண்ணும் வீட்டார் ஒமேகா-3ஐ நாடிப் பொட்டலம் வாங்க வேண்டுவதில்லை. மலிவான மீன் என்று அதனை இகழ்ந்துவிட்டு, விலையுயர்ந்த விதையைத் தேடி ஓடுவது பேதைமையன்றோ?

மரக்கறி உண்ணும் வீடுகளின் நிலை வேறு. எள்ளில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. தோல் நீக்காத எள் 100 கிராமில் 900 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. எனினும் ஒமேகா-3 அதில் அரைக் கிராமளவும் இல்லை. தேங்காயிலோ இல்லையென்றே கூறலாம். இக்குறையை நிரப்ப ஆளிவிதைத் தூள் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 7 கிராம், போதும். அதிலுள்ள அல்பா லினோலெனிக் அமிலம் சுமார் 1.6 கிராம். வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு அமெரிக்க உணவியலார் வகுத்த அளவும் அதுவே, பெண்ணுக்கு 1.1 கிராம்.

உண்ணும் முறையிலேதான் பலர் தவறுகின்றனர். முழு விதையின் தோல் கடினமானது. பெரும்பாலும் செரியாமலே வெளியேறிவிடும். ஆகவே இளஞ்சூட்டில் வறுத்துத் தூளாக்குதல் வேண்டும். கிரிக்கெட் மட்டைக்குப் பூசும் லின்சீட் எண்ணெய் இவ்விதையினின்றே எடுக்கப்படுவதை மாணவர் அறிவர். அவ்வெண்ணெய் காற்றுப்பட்டு இறுகுவதற்குக் காரணமான அதே கொழுப்புத்தான் தூளையும் காறச் செய்கின்றது. எம் தீவின் வெப்பத்தில் ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் இடித்து, இறுக மூடிய போத்தலிற் குளிரில் வைத்தல் நலம். ஆவி பறக்கும் புட்டின் மேல் தூவலாம். தயிரிலோ கஞ்சியிலோ கலக்கலாம். தோசைப் பொடியுடனும் எள்ளுருண்டையுடனும் சேர்க்கலாம். நார்ப்பொருள் மிகுந்ததாதலின் தண்ணீர் நிறையப் பருகுதல் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கனடாவில் நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வொன்றில், காலின் குருதிக்குழாய் நோயுற்றோர் நாள்தோறும் 30 கிராம் தூளை ஆறு திங்கள் உண்டதில் இரத்த அழுத்தம் குறையக் காணப்பட்டது. அவர்கள் வைத்தியர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு விதையை உண்டவரல்லர். மருந்தை விட்டுவிட்டு விதையை நம்புவது உயிருக்கே கேடாகும். குருதி உறையாதிருக்க மருந்து உண்போரும், கருவுற்ற தாய்மாரும் முதலில் வைத்தியரைக் கேட்டல் வேண்டும்.

அயல்நாட்டுப் பொருள் என்று ஆளிவிதையை வெறுக்கவும் வேண்டா. பள்ளிமுனைப் பெருக்கமரமும் கடல் கடந்து வந்ததே. நம் அடுக்களையில் என்ன இருக்கின்றது, என்ன இல்லை என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். இல்லாததற்கு மட்டும் பணத்தைச் செலவிடுவோம்.