பேக்கப் கேட்டவன் தலையில் ஆன்டிவைரஸைக் கட்டுவதா?



பதிவு கொஞ்சம் நீளம். கணினி வைத்துத் தொழில் பார்ப்பவர்கள், குறிப்பாகக் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் பக்கம் சின்னப் பட்டறை நடத்துகிற என் பிள்ளைகள், பொறுமையாகக் கடைசி வரை படித்துவிடுங்கள்.

சொல்ல வந்தது ஒன்றுதான். கணினியில் உள்ளதைப் பத்திரமாக நகல் எடுத்து வைக்க ஒரு பேக்கப் மென்பொருள் வாங்கப் போனால், கேட்காமலேயே ஆன்டிவைரஸையும் அதோடு சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்றால் பல நேரம் கழற்றவும் முடிவதில்லை. இது வெறும் தொந்தரவு இல்லை, ஆபத்து என்பதுதான் என் கருத்து.

ஆன்டிவைரஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் மைக்ரோசாஃப்டின் டிஃபெண்டர் கணினியோடு சேர்ந்தே வருகிறது. அது போதாது என்பவர்களுக்குச் சென்னைக் கம்பெனியான கே7 உட்படப் பல இருக்கின்றன. யாருக்கு எது வேண்டுமோ வாங்கிக்கொள்ளட்டும். வேண்டாம் என்பவன் தலையில் கட்டுவதைத்தான் தப்பு என்கிறேன்.

நம் ஆட்களுக்கு இது புதுசும் இல்லை. ரேஷன் கடையில் சர்க்கரை வேண்டுமென்றால் உப்பையும் சோப்பையும் சேர்த்து வாங்கு என்று சொன்னால் எத்தனை பேர் சண்டை போட்டிருக்கிறோம்! புது கேஸ் இணைப்புக்குப் போனால் அடுப்பையும் இங்கேயே வாங்கு என்று ஏஜென்சியில் கட்டாயப்படுத்தியதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். அங்கெல்லாம் பில்லைக் காட்டிக் கேட்க முடிந்தது. கணினியில் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போகும்போது உப்பும் சோப்பும் சத்தமில்லாமல் பைக்குள் விழுந்துவிடுகின்றன.

இது எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். ஒரு காலத்தில் அடோபி ஃபிளாஷ் பிளேயரை இறக்கினால், மெக்காஃபியின் ஸ்கேன் மென்பொருளுக்கும் முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருப்பார்கள். ஜாவாவை நிறுவினால் ஆஸ்க் டூல்பார் கூடவே வந்து உட்காரும். அப்போதாவது டிக்கை எடுத்துவிட வழி இருந்தது. இப்போது இரண்டையும் ஒரே பொருளாக்கிவிடுகிறார்கள்.

பேக்கப் துறையில் அக்ரானிஸ் பெரிய பெயர். வீட்டுக் கணினிகளுக்கான அதன் 'ட்ரூ இமேஜ்' பல வருடங்கள் பேக்கப்புக்கு மட்டுமே பேர்போனது. 2021 பதிப்பில் முழு ஆன்டிவைரஸையும் உள்ளே வைத்தார்கள். அதே 2021-இல் பெயரையே 'சைபர் ப்ரொடெக்ட் ஹோம் ஆஃபீஸ்' என்று மாற்றி, ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் முறையை விட்டுவிட்டுச் சந்தாவுக்குப் போனார்கள். 2024-இல் பழைய பெயர் திரும்பி வந்தது, ஆனால் உள்ளே வைத்த பாதுகாப்புப் பகுதி வெளியே போகவில்லை. அதை அணைத்து வைக்க வழி உண்டு என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும், எனக்குப் பேக்கப் மட்டும் போதும் என்று எத்தனையோ பழைய வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

எதிர்த் திசையிலும் நடந்தது. நார்ட்டன் 360 ஆன்டிவைரஸ் தொகுப்பு, பேக்கப்பும் அதில் உண்டு. 2021-இல் அதற்குள் கிரிப்டோ நாணயம் தோண்டும் கருவியையும் சேர்த்தார்கள். நாம் சம்மதித்தால்தான் அது ஓடியது. சம்பாதித்ததில் 15 சதவீதம் கம்பெனிக்குப் போனது. வைரஸைத் தடுக்கக் காசு கொடுத்தவனுக்கு இது எதற்கு என்று 2022 ஜனவரியில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. ஒரு பொருளில் இன்னொன்றைச் சேர்க்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டால், அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

இனி, இந்தப் பதிவை எழுத வைத்த விஷயம். என் மாணவன் ஒருவன் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் நான்கு சிஎன்சி மெஷின் போட்டுப் பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறான். பெயர் போடாமல் எழுதச் சொன்னான். மென்பொருளின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. மேலே சொன்ன எந்தக் கம்பெனியுடையதும் இல்லை அது.

பெரிய ஆலைகளில் கணினிக்கென்று தனிப் பிரிவே இருக்கும். இவனிடம் இருப்பது கேபினில் ஒரே ஒரு பழைய கணினி. டேலி கணக்கு, ஜிஎஸ்டி, கம்பெனிகள் அனுப்பும் டிராயிங், மெஷின் புரோகிராம் எல்லாம் அதில்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் திருவள்ளூர் மாவட்டம் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, ஒரு வருடச் சந்தா கட்டி பேக்கப் மென்பொருள் வாங்கினான். வெள்ளம் வந்தால் எந்த ஆன்டிவைரஸும் காப்பாற்றாது, நகல்தான் காப்பாற்றும். அவன் யோசித்தது முழுக்கச் சரி.

ஒருநாள் காலை ஷிஃப்டில், கணினியிலிருந்து மெஷினுக்குப் புரோகிராம் அனுப்பும் சின்ன மென்பொருளைக் காணோம். பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. பேக்கப்போடு வந்த ஆன்டிவைரஸ் அதை வைரஸ் என்று முடிவுகட்டி க்வாரண்டைனில் போட்டுவிட்டது. கொரோனாவில் நாம் கற்றுக்கொண்ட அதே சொல்தான். சரி, பேக்கப்தான் இருக்கிறதே, அதிலிருந்து எடுக்கலாம் என்று போனால், எடுத்து வைத்த நொடியே மறுபடியும் பிடித்துப் போட்டது. ஒரு கை கொடுத்தது, இன்னொரு கை பிடுங்கிக்கொண்டது. இரண்டும் ஒரே ஆளுடைய கை!

ஆன்டிவைரஸை மட்டும் நீக்கப் பார்த்தான். தனியாக நீக்க வழி இல்லை. தற்காலிகமாக நிறுத்தலாம், கணினியை அணைத்துப் போட்டால் திரும்ப வந்துவிடும். வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினால், இது ஒருங்கிணைந்த பாதுகாப்பு சார், பிரிக்க முடியாது என்று பதில். மத்தியானம்வரை மெஷின் ஓடவில்லை. அன்றைய லோடு போகவில்லை. பீஸ் கணக்கில் கூலி வாங்கும் பையன்களுக்கு அரை நாள் போச்சு. "சார், வெள்ளத்துக்குப் பயந்து வாங்கினேன், வெயில் காலத்துலயே முழுக வச்சிடுச்சு" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

இப்படித் தவறாகப் பிடிப்பது ஆன்டிவைரஸ் உலகத்தில் அபூர்வம் இல்லை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி அனுப்பிய ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று பிடித்துப் போட, பல நாடுகளில் கணினிகள் அணைந்து அணைந்து எரிந்தன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் கோளாறான ஒரு அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்களே, அந்த நாள்தான். பாதுகாப்பு மென்பொருள் கணினியின் அடிமட்டம்வரை இறங்கி வேலை செய்கிறது. எனவே அது தவறினால் கணினியே எழுந்திருக்காது. அந்த மாதிரி நாளுக்காகத்தான் பேக்கப் எடுத்து வைக்கிறோம்.

பத்தாம் வகுப்பில் மின்னோட்டப் பாடம் நினைவிருக்கிறதா? தொடரிணைப்பு, பக்க இணைப்பு. திருவிழா சீரியல் லைட்டில் ஒரு பல்பு போனால் அந்த வரிசையே அணைந்துவிடும். வீட்டு ஒயரிங் பக்க இணைப்பு. ஹாலில் பல்பு போனாலும் சமையலறையில் எரியும். ஆன்டிவைரஸும் பேக்கப்பும் பக்க இணைப்பில் இருக்க வேண்டியவை. ஒன்று கெட்டால் மற்றது நம்மைக் காப்பாற்ற வேண்டும். இரண்டையும் ஒரே மென்பொருளில், ஒரே சந்தாவில், ஒரே அப்டேட்டில் போடுவது சீரியல் லைட் வேலை.

கம்பெனிகள் சொல்லும் காரணத்தையும் பார்ப்போம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர், முதலில் பேக்கப்பைத்தான் தேடி அழிக்கிறது, அதனால் பேக்கப்புக்கே காவல் வேண்டும் என்கிறார்கள். அது பொய்யில்லை. 2017 மே மாதம் உலகத்தைக் கலக்கிய வான்னாக்ரை, விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் நிழல் நகல்களை அழித்துவிடும். ஆகவே எடுத்து வைத்த நகலை யாரும் தொடாதபடி காப்பது பேக்கப் மென்பொருளின் வேலைதான். அதை நான் எதிர்க்கவில்லை. தன் பெட்டிக்குப் பூட்டுப் போடுவது வேறு, வீடு முழுக்கத் தானே வாட்ச்மேன் என்று உட்கார்ந்துகொண்டு வீட்டுக்காரனையே யார் நீ என்று கேட்பது வேறு.

பேக்கப்புக்கு உண்மையான காவல் எது தெரியுமா? தள்ளி இருப்பதுதான். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையை ரான்சம்வேர் தாக்கியது. ஐந்து சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. நாள் கணக்கில் ஓபி சீட்டைக் கையால் எழுதினார்கள். பாதிக்கப்படாமல் இருந்த ஒரு பேக்கப் சர்வரிலிருந்துதான் இ-ஹாஸ்பிட்டல் தகவல்களை மீட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அத்தனை பெரிய மருத்துவமனைக்கே அதுதான் கைகொடுத்தது. நம் பட்டறைக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு எதற்கு? ஒயரைக் கழற்றி பீரோவில் வைத்த ஹார்ட் டிஸ்கை எந்த வைரஸாலும் தொட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், ஒன்றை வாங்க வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவது 'கட்டுப்படுத்தும் வணிக முறை' என்ற கணக்கில் வருகிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையத்தில் மக்களை ஏமாற்றும் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. கேட்காததைக் கூடையில் போடுவது, சம்பந்தமில்லாத சேவையில் கட்டாயப்படுத்திச் சேர்ப்பது, சந்தாவிலிருந்து வெளியே வர விடாமல் இழுத்தடிப்பது எல்லாம் அதில் உண்டு. செல்போனில் தன் ஆப்களைக் கட்டாயமாகச் சேர்த்து வைத்ததற்காகவும் சேர்த்து, 2022 அக்டோபரில் கூகுளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் போட்ட அபராதம் 1,337.76 கோடி ரூபாய்.

பேக்கப் கம்பெனிகள், இது இரண்டு பொருள் இல்லை, ஒரே பொருள்தான் என்று வாதாடும். வாதாடட்டும். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தான் பதில் சொல்லவே வருவார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. திருவள்ளூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. ஒரு விஷயம் கவனியுங்கள்: வியாபாரத்துக்காக வாங்கியதற்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கியவர் நுகர்வோர்தான். தானே மெஷின் ஓட்டும் பட்டறைக்காரர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புகார் ஒரு பக்கம் இருக்கட்டும், இன்றைக்கே செய்யக்கூடியவை சில உண்டு.

வாங்குவதற்கு முன் விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பேக்கப் மட்டும் தனியாக நிறுவ முடியுமா? சந்தா முடிந்த பிறகும் என் கோப்புகளைத் திரும்ப எடுக்க முடியுமா? உங்கள் மென்பொருள் இல்லாமலே அந்த நகலைத் திறக்க முடியுமா? மூன்றுக்கும் 'முடியும்' என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும்.

நிறுவும்போது 'கஸ்டம்' என்று ஒன்று இருந்தால் அதையே அழுத்துங்கள். ஒவ்வொரு டிக்கையும் படித்துவிட்டு மேலே போங்கள்.

காசு கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. விண்டோஸிலேயே 'ஃபைல் ஹிஸ்டரி' இருக்கிறது. டேலிக்குள்ளேயே பேக்கப் வசதி இருக்கிறது. டிராயிங்கும் மெஷின் புரோகிராமும் சாதாரணக் கோப்புகள், டிஸ்கில் காப்பி செய்தாலே போதும். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி வாரம் மாற்றி வாரம் எடுங்கள். ஒன்று எப்போதும் பட்டறைக்கு வெளியே, தண்ணீர் ஏறாத மாடி வீட்டில் இருக்கட்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்று பீட்டர் கிரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 விதியும் கிட்டத்தட்ட இதுதான். கல்யாண ஆல்பத்தையும் பேரப்பிள்ளைகள் படங்களையும் செல்போனில் மட்டுமே வைத்திருக்கும் சொந்தங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடைசியாக, ஆசிரியர் என்றால் வீட்டுப்பாடம் இல்லாமலா? வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேக்கப்பிலிருந்து ஏதாவது ஒரு கோப்பை எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்தால் உங்களிடம் பேக்கப் இருக்கிறது. திறக்கவில்லை என்றால், இருப்பது சந்தா ரசீது மட்டும்தான். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.