ஆலை போன இடத்தில் நிற்பது யார்?

மும்பையைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்நகரையும் அதன் புறநகர்களையும் கண்ணால் அளந்து, வணிகமும் பணமும் ஓர் ஊரை என்ன பாடு படுத்துகின்றன என்பதைத் தூரிகையால் சொல்லி வருபவர் ஓவியர் சுதிர் பட்வர்த்தன். 1949-ல் பிறந்த இவர் தொழிலால் டாக்டர். 1975 முதல் 2005 வரை தானேயில் எக்ஸ்ரே நிபுணராக இருந்தவர். நோயாளியின் எலும்பைப் பார்த்த அதே கண், நகரத்தின் எலும்பையும் பார்த்தது எனலாம்.

அவர் படங்களில் ராஜா ராணி கிடையாது. 'இரானி உணவகம்' (1977), 'மேம்பாலம்' (1981), 'லோயர் பரேல்' (2001) என்ற தலைப்புகளே விஷயத்தைச் சொல்லிவிடும். உழைத்துக் களைத்தவர்களே அவருடைய நாயகர்கள்.

அவர்களை அங்கே கொண்டு வந்தது எது? பருத்திதான். 1853 ஏப்ரல் 16-ம் தேதி போரி பந்தரிலிருந்து தானேக்கு முதல் பயணி ரயில் ஓடியது. பாதை நீண்டதும், உள்நாட்டுப் பருத்தி துறைமுகம் வந்து குவிந்தது. 1854-ல் காவஸ்ஜி தாவர் முதல் நூற்பாலைக்கு அடிகோலினார். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பஞ்சு போவது தடைப்பட்டது. பம்பாய் வியாபாரிகளுக்குப் பணமழை. பரேல், லால்பாக், வொர்லி வட்டாரம் 'கிரண்காவ்', அதாவது ஆலைகளின் ஊர் என்றே பெயர் பெற்றது.

1982 ஜனவரி 18-ம் தேதி தத்தா சாமந்த் தலைமையில் ஆலைத் தொழிலாளர் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது முறைப்படி முடிக்கப்படவே இல்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. மிஞ்சியது நிலம், சுமார் 600 ஏக்கர்.

1991-ல் ஒரு விதி வந்தது. ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சியின் திறந்தவெளிக்கு. ஒரு பங்கு ஏழைகளின் வீடுகளுக்கு. ஒரு பங்கு உரிமையாளருக்கு. நல்ல ஏற்பாடுதான். 2001-ல் அது திருத்தப்பட்டது. கட்டடம் இல்லாத காலி இடத்தில் மட்டுமே பங்கீடு என்றாயிற்று. 2006-ல் உச்சநீதிமன்றமும் திருத்தம் செல்லும் என்றது. பொதுமக்கள் பங்கு சுருங்கியது. வணிக வளாகங்களும் அலுவலகங்களும் எழுந்தன. 'லோயர் பரேல்' ஓவியம் அதே 2001-ம் ஆண்டைச் சேர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது.

அதன் விலை என்ன? அலுவலகங்கள் பெருகின, அவற்றுக்கு வருவோர் ஏறி இறங்கும் ரயில்வே மேம்பாலம் அகலவில்லை. 2017 செப்டம்பர் 29 அன்று எல்பின்ஸ்டன் ரோடு நிலையப் பாலத்தில் நெரிசலில் 23 பேர் மடிந்தனர். நிலத்துக்குக் கிடைத்த விலையைக் கணக்கிட்டவர்கள், அங்கே நடக்கப்போகும் கால்களைக் கணக்கிட மறந்தார்கள்.

படம் வரைந்தால் வயிறு நிறையுமா என்று கேட்போர் உண்டு. நிறையாதுதான். ஆனால் கோப்பில் 'நிலம்' என்று மட்டும் எழுதப்பட்ட இடத்தில் மனிதர்கள் இருந்தார்கள் என்பதற்கு ஒரு சாட்சி வேண்டாமா?

இந்தப் பாடம் தமிழர்களுக்கு மிக அவசியம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்டு, பலகாரம் சுட்டு, தாராவியை ஊராக்கியதில் தமிழருக்குப் பெரும் பங்குண்டு. 2022-ல் தாராவி சீரமைப்பு டெண்டர் அதானி குழுமத்துக்குக் கிடைத்தது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்போருக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு என்பது அறிவிப்பு. பின்னால் வந்தோருக்கும் மாடியில் குடியிருப்போருக்கும் தாராவிக்கு வெளியேதான்.

பழைய குடிசை நல்ல வீடாவதை யாரும் எதிர்க்கவில்லை. கேள்வி தொழிலைப் பற்றியது. வீடும் பட்டறையும் ஒரே கூரையின் கீழ் உள்ள ஊர் அது. வீட்டை மட்டும் எண்ணிவிட்டுப் பிழைப்பை எண்ணாமல் விட்டால், கிரண்காவில் நடந்தது இங்கும் நடக்கும். வீடு மாறினால் விலாசம்தான் மாறும். தொழில் போனால் அடுப்பே அணையும்.

ஆகவே ஒவ்வொரு பட்டறையும், அதில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் கணக்கில் வரவேண்டும். தமிழ் அமைப்புகள் மேடையும் மாலையும் சற்று நிறுத்தி, ரேஷன் கார்டும் மின்கட்டண ரசீதும் திரட்டிக் கொடுக்க வீடு வீடாகப் போகட்டும். தாராவியும் ஒருநாள் ஓவியமாகலாம். அதில் இருக்கும் முகங்கள் ஊரிலும் இருக்க வேண்டும்.