காது காஞ்சா போதுமா?

எங்க மச்சானுக்குப் போன தை மாசம் காது ஆபரேஷன் ஆச்சு. பள்ளிக்கூடம் போன காலத்துல இருந்தே இடது காதுல சீழ் ஒழுகும். பஞ்சும், பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெயும்தான் முப்பது வருச வைத்தியம். வாடை அடிக்கும்னு விசேஷத்துக்குப் போனாக்கூட பந்தியில உக்கார மாட்டார்.

ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசத்துல காது காஞ்சுடுச்சு. ஆனா கேக்குறது கொஞ்சம்தான் கூடியிருக்கு. டீக்கடையில, "இத்தன செலவு பண்ணியும் காது கேக்கலையே, என்ன புண்ணியம்?"னு பேசுறாங்க. எனக்கு இதுல உடன்பாடு இல்லைங்க.

இந்த அறுவை சிகிச்சையின் முதல் நோக்கம் நோயை அகற்றிக் காதை உலர வைப்பது. கேட்கும் திறன் அதற்கு அடுத்ததுதான். சிலருக்கு நடுக்காதில் தோல் பை போல வளர்ந்து எலும்பை அரிக்கும். விட்டால் மூளை வரைக்கும் சீழ் பரவலாம்.

செவிப்பறையை மதகுன்னு வெச்சுக்கிட்டா, அதுக்குப் பின்னால இருக்கிற சுத்தி, பட்டடை, அங்கவடிங்கிற மூணு குட்டி எலும்புதான் வாய்க்கால். செவிப்பறையில ஓட்டை மட்டும் இருந்தா, காதுக்கு மேல இருக்கிற தசையின் உறையை எடுத்து அடைப்பாங்க. பெரும்பாலும் கேக்குறதும் நல்லாவே கூடும். வாய்க்காலே அரிச்சுப் போயிருந்தா? மதகை மட்டும் சரிபண்ணி வயலுக்குத் தண்ணி பாயுமா? மச்சானுக்குப் பட்டடை பாதி கரைஞ்சு போச்சு. அதைத் தின்னது ஆபரேஷன் இல்ல, நாம காத்திருந்த முப்பது வருசம்.

என் வருத்தம் வேற. இதை முன்னாடியே யாரும் எங்களுக்கு விளக்கிச் சொல்லல, நாங்களும் கேக்கல. காது காயுமா, கேக்குறது எவ்வளவு கூடும்னு ரெண்டையும் தனித்தனியா கேக்கணும். முன்னாடியும் பின்னாடியும் ஆடியோகிராம் எடுத்து, ரெண்டு தாளையும் பத்திரமா வெச்சுக்கணும். எத்தனை டெசிபெல் கூடியிருக்குன்னு அதுதான் சொல்லும், டீக்கடை சொல்லாது.

ஒழுகுற காதுல காது மெஷின் மாட்டுறது கஷ்டம். இப்ப மச்சான் மாட்டலாம். போன வாரம் ஒரு கல்யாணத்துல பஞ்சு இல்லாம பந்தியில உக்காந்தார். இதுவும் பலன்தானே?

பட்டணத்துல இருக்கிற உங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேன். ஊர்ல இருந்து அப்பாவோ அம்மாவோ போன்ல "என்ன? என்ன?"ன்னு கேட்டா, சத்தத்தைக் கூட்டிப் பேசிட்டு விட்டுடாதீங்க. காது ஒழுகுதான்னு கேளுங்க. ரெண்டு வாரம் தாண்டி ஒழுகினா, எண்ணெய் ஊத்த விடாம காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. வாய்க்கால் மிச்சம் இருக்கும்போதே போகணும்.