மீன்தொட்டியில் கீரை வளர்ப்பது கூலி வேலையா?

பள்ளியில் மீனையும் கீரையையும் ஒரே நீரில் வளர்க்கும் தொட்டி ஒன்றை அமைக்கலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கூறியபோது, சிலர் முகம் சுளித்தனர். "நாங்கள் பால்வெட்டிக் கை காய்த்தது போதாதா ஐயா? பிள்ளையாவது பேனா பிடிக்கட்டும் என்றுதானே அனுப்புகிறோம்?" என்று ஒரு தந்தையார் வினவினார்.

அவ்வினாவில் மூன்று தலைமுறையின் வலி உண்டு. பாட நேரத்தில் பிள்ளைகளைப் புல் வெட்டவும் குப்பை சுமக்கவும் ஏவினால், அதனை எதிர்ப்பவர்களில் நானும் ஒருவன். ஆயினும் அக்குவாபோனிக்ஸ் எனப்படும் இம்முறையைக் கூலி வேலையோடு சேர்த்து எண்ணுவது பொருந்தாது என்பதே என் கருத்து. கூலி வேலையில் ஏவுபவர் ஒருவர், செய்பவர் ஒருவர். இங்கோ, செய்யும் பிள்ளையே சிந்தித்தாக வேண்டும்.

மீனின் கழிவு அம்மோனியாவாக நீரில் கலக்கிறது. அது மிகுந்தால் மீன் மடியும். அந்நீரைச் சிறு பம்பு ஒன்று, மேலேயுள்ள சரளைக்கல் பாத்திக்கு ஏற்றுகிறது. கற்களில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டோ கீரைக்கு உணவு. வேர்கள் அதனை உறிஞ்சிக்கொள்ள, தூய்மையடைந்த நீர் மீண்டும் தொட்டியில் விழுகிறது. ஆவியாகியும் செடி குடித்தும் குறையும் நீரை மட்டும் நிரப்பினால் போதும். இளம் இலை வெளுத்தால் சிறிது இரும்புச்சத்து சேர்க்க வேண்டியிருக்கும்.

அந்நுண்ணுயிர்கள் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பொறுமையற்றவர் முதல் நாளே தொட்டி நிறைய மீனை விட்டு, அடுத்த வாரம் செத்த மீனை அள்ளுவர்.

இதில் கணக்கும் உண்டு. ஒரு சதுர மீட்டர் கீரைப் பாத்திக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் மீன்தீனி என்று ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட கையேடு கூறுகிறது. மீன் நாள்தோறும் தன் எடையில் நூற்றுக்கு 2 பங்கு தின்னும் என்று கொண்டால், எத்தனை கிலோ மீன் வேண்டும்? 2 முதல் 2.5 கிலோ என்று ஐந்தாம் ஆண்டு மாணவன் கண்டுபிடிக்கட்டும். இது கரும்பலகைக் கணக்கன்று. தவறினால் மீன் மிதக்கும்.

நெல்லும் மீனும் ஒரே நீரில் வாழ்வதைப் பேராக் மாநிலத்தின் கிரியான் வயல்களில் செப்பாட் மீன் பிடித்த முதியோர் நன்கறிவர். அதே உறவைத் தொட்டிக்குள் கொணர்ந்து, திலாப்பியா மீனையும் காய்கறியையும் வைத்து விர்ஜின் தீவுகளில் 1980களில் ஆய்ந்தவர் ஜேம்ஸ் ரக்கோசி என்னும் அறிஞர்.

தாய்மார்களுக்கு ஒரு செய்தி. இத்தொட்டியின் அருகே மருந்துப் பம்பு வரலாகாது. பூச்சிமருந்து பட்டால் மீன் செத்துவிடும். நம் பெண்கள் ஆண்டுக்கணக்காக முதுகில் சுமந்து தெளித்த பாராகுவாட் களைக்கொல்லி, இந்நாட்டில் 2020ஆம் ஆண்டில்தான் தடை செய்யப்பட்டது. மருந்தில்லாமலும் பயிர் விளையும் என்பதை அவர்களுடைய பிள்ளைகள் கண்ணால் காண வேண்டும் என்று விரும்புகிறேன்.

லயத்து வீட்டின் பின்புறத்தில் முருங்கையும் வெண்டையும் வளர்த்தவர்கள் நாம். தோட்டம் கைமாறி அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தோருக்கு அப்பின்புறம் இல்லை. மண்ணில்லாத இம்முறை அவர்களுக்கும் உதவும். (200 லிட்டர் நீர் 200 கிலோ எடை என்பதை மாடியில் வைக்குமுன் நினைவிற்கொள்க.) ஆனால், பணம் கொழிக்கும் என்று கூறி விலையுயர்ந்த கருவிகளை விற்க வருவோரை நம்ப வேண்டா. நமக்கு ஒரு பழைய நீர்த்தொட்டியும், சரளைக்கல்லும், சிறு பம்பும், கங்குங் விதையும் போதும்.

உண்மையான இடர் பள்ளி விடுமுறைதான். மின்சாரம் நின்றால் பம்பும் நிற்கும்; பார்க்க ஆளில்லையேல் காற்றின்றி மீன் மடியும். திறப்பு விழாவன்று படம் பிடிக்க வருவோர் அப்பொழுது வரமாட்டார்கள். ஆதலால், பள்ளிக்கு அருகில் வாழும் பெற்றோர்கள் வாரத்திற்கு இரு குடும்பங்களாக முறை வைத்துப் பார்த்துக்கொள்ள முன்வந்தால் மட்டுமே தொட்டியைத் தொடங்குவோம். பெயர்ப் பட்டியல் அலுவலகத்தில் இருக்கும். விளையும் கீரையும் மீனும் விருந்தினர் பந்திக்குப் போகா. தொட்டியைப் பேணிய பிள்ளைகளின் வீட்டு அடுப்பிற்கே போகும்.